ஓட்டத்துக்கு முந்திய ஓய்வு

மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள். அவ்விரண்டுக்கும் கதிரவனை வைத்தே முன்னோர் பெயரிட்டனர். கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் கீழைக்கரை எழுவான்கரை. வயலும் காடுமாய் மேற்கே விரிந்து செல்லும் கரை படுவான்கரை. படுவான்கரையில் வேளாண்மை முற்றும் பருவத்திலே, அனுபவம் மிக்க உழவன் ஒரு காரியம் செய்வான். அறுவடைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் இருக்கையில் வரம்பை வெட்டி, வயலில் நின்ற நீரை வடித்துவிடுவான். மாதக்கணக்காக வாய்க்காற்கரையில் நீருக்குக் காவலிருந்தவனே இப்போது அந்த நீரை வேண்டாம் என்கிறான். உரமும் இடுவதில்லை. கதிரானது தான் முன்னரே சேர்த்துக்கொண்ட சத்தைக் கொண்டு முற்றுகிறது. நிலமும் அறுப்போரின் காலைத் தாங்கும் அளவுக்கு இறுகுகிறது. அவ்வேளையில் மேலும் நீர் பாய்ச்சுவது பயிருக்குச் செய்யும் நன்மையன்று, தீங்கேயாகும்.

நெடுந்தூர ஓட்டக்காரனின் வாழ்விலும் இதையொத்த ஒரு பருவம் உண்டு. பல மாதம் பாடுபட்டு உடலைப் பழக்கியவன், போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது பயிற்சியின் அளவை வேண்டுமென்றே குறைத்துக்கொள்ள வேண்டும். இதனைப் பயிற்சித் தணிப்பு எனலாம். சொல்வதற்கு எளிதான இவ்வுண்மையை மனிதர் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் சென்றது. நோயும் விபத்தும் முதலில் அதனைக் காட்டிக்கொடுத்தன. பயிற்றுநர் சிலர் அதனை ஊகித்தறிந்தனர். அறிவியலார் அதற்குக் காரணம் கண்டனர். அந்த வரலாறே இங்கு கூறப்படுகிறது.

இலங்கையின் தமிழ்ப் பள்ளிகளிலே ‘மரதன்’ என்னும் சொல் எல்லோருக்கும் பழக்கமானது. ஆண்டுதோறும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னர் நடைபெறும் வீதி ஓட்டத்தை மாணவர் அப்பெயராலேயே வழங்குவர். அது சில கிலோமீற்றர் தூரத்தில் முடிந்துவிடும் ஓட்டம். உண்மையான மரதனின் தூரமோ 42.195 கிலோமீற்றர். மட்டக்களப்பு நகரிலிருந்து புறப்பட்டு, கல்லடிப் பாலத்தைக் கடந்து, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி ஆகிய ஊர்களின் வழியே தெற்கு நோக்கிச் சென்றால், ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் கல்முனை வரும். அதுவரை ஓடி, அதற்கப்பாலும் சிறிது ஓடினால் ஒரு மரதன் நிறைவுறும். ஒரு புறம் வாவியும் மறு புறம் கடலும் நின்று பார்க்க, உப்புக் காற்றிலும் புழுக்கத்திலும் அத்தனை தூரம் ஓடுவது விளையாட்டான காரியமன்று. அதற்காகப் பாடுபடும் இளைஞன் போட்டி நெருங்க நெருங்கக் கூடுதலாக ஓடுவதே முறையென எண்ணுகிறான். கடைசிக் கிழமையிலும் தன்னை வருத்திக்கொண்டு, களைத்த காலோடு தொடக்கக் கோட்டிலே நிற்கிறான். மாதக்கணக்கான உழைப்பு அந்த ஒரு கிழமையிலே வீணாகிவிடுகிறது.

இத் தவறு புதியதன்று. பண்டைய கிரேக்கரே இதனோடு மல்லாடினர். ஒலிம்பிய விழாவில் பங்குபற்றுவோர் பத்து மாதம் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். அதன் இறுதி முப்பது நாளையும் எலிஸ் நகரில் நடுவர்களின் கண்காணிப்பிலே கழித்தல் வேண்டும். அம்முப்பது நாளும் கடுமை நிறைந்தவை. போட்டியாளரின் தகுதியைச் சோதிப்பதே நடுவரின் நோக்கமாதலால், இளைப்பாறுதலுக்கு அங்கே இடம் அரிதாயிருந்தது.

ஆயினும் ஓய்வின் அருமையைக் கிரேக்க உலகம் அறியாமலில்லை. எகிப்து மன்னன் அமாசிஸைப் பற்றி வரலாற்றாசிரியர் எரொடோட்டஸ் ஒரு செய்தி கூறுகிறார். காலைப் பொழுதில் அரச அலுவல்களைக் கவனித்துவிட்டு, எஞ்சிய பொழுதை நண்பரோடு கேளிக்கையில் கழித்த மன்னனைச் சிலர் குறைகூறினராம். அதற்கு அவன், வில்லாளர் தேவையானபோது மட்டுமே வில்லுக்கு நாணேற்றுவர் என்றும், எப்பொழுதும் நாணேறிய வில் முறிந்துபோகும் என்றும், மனிதனின் இயல்பும் அத்தகையதே என்றும் விடையளித்தானாம்.

கிரேக்கப் பயிற்றுநரிடையே நான்கு நாள் ஒழுங்கு என்றொரு முறை பரவியிருந்தது. முதல் நாள் உடலை ஆயத்தம் செய்யும் சுருக்கமான பயிற்சி. இரண்டாம் நாள் முழு வலுவையும் கேட்கும் கடும் பயிற்சி. மூன்றாம் நாள் தளர்வு. நான்காம் நாள் நடுத்தரமான பயிற்சி. பின்னர் மீண்டும் முதல் நாள். கடுமையும் தளர்வும் மாறி மாறி வரவேண்டும் என்ற எண்ணம் இதிலே தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நல்ல முறையும் கண்மூடிப் பின்பற்றப்படும்போது கேடாகிவிடும். கிறிஸ்துவுக்குப் பின் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிலொஸ்திராத்தஸ், உடற்பயிற்சிக் கலையைப் பற்றிய தம் நூலில் ஜெரெனோஸ் என்னும் மல்லனின் முடிவைக் குறிப்பிடுகிறார். ஒலிம்பியாவில் வாகை சூடிய அவன், குடியிலும் விருந்திலும் களைத்தவனாய்ப் பயிற்சிக்கூடத்துக்கு வந்தான். தன் உடல் சீராக இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டான். பயிற்றுநரோ சினங்கொண்டு, அன்றைய முறைப்படியான பயிற்சியைச் செய்தே தீரவேண்டும் என்றார். பயிற்சியின் நடுவிலேயே மல்லன் உயிர் துறந்தான். அட்டவணையைப் பார்த்த ஆசிரியர் எதிரே நின்ற மனிதனைப் பார்க்கத் தவறினார் என்பதே பிலொஸ்திராத்தஸின் குற்றச்சாட்டு. பயிற்சிக் கலையின் வரலாற்றில் இது மறக்கத்தகாத எச்சரிக்கையாகும்.

மரதன் ஓட்டம் என்னும் போட்டி அக்காலத்துக் கிரேக்கத்தில் இருந்ததில்லை. கி.மு. 490 இல் மரதன் சமவெளிப் போரின்போது பிலிப்பிடிஸ் என்னும் தூதன் ஏதென்சிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடினான் என்றே எரொடோட்டஸ் எழுதினார். மரதனிலிருந்து ஏதென்சுக்கு ஓடிவந்து வெற்றிச் செய்தியைக் கூறி உயிர்விட்ட தூதனின் கதை பல நூற்றாண்டுகள் கழித்தே நூல்களில் இடம்பெற்றது. பிரெஞ்சு மொழியியல் அறிஞர் மிஷேல் பிரெயால் அக்கதையை அடியொற்றி ஒரு போட்டியை முன்மொழிந்தார். 1896 இல் ஏதென்சில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக் விழாவில் கிரேக்கரான ஸ்பிரிடோன் லூயிஸ் ஏறத்தாழ 40 கிலோமீற்றரை 2 மணி 58 நிமிடம் 50 செக்கனில் ஓடி வென்றார். 1908 ஆம் ஆண்டு இலண்டன் விழாவிலே, வின்ட்சர் அரண்மனையிலிருந்து விளையாட்டரங்கின் அரச இருக்கை வரை அளந்த தூரம் 42.195 கிலோமீற்றர் ஆயிற்று. 1921 இல் அதுவே நிலையான தூரமாக ஏற்கப்பட்டது.

அந்நாளைய பயிற்றுநர் ஓட்டக்காரரின் சோர்வை அறியாதவரல்லர். அளவுக்கு மீறிப் பயிற்சி செய்து மந்தமடைந்தவனை ஆங்கிலேயர் பழம்பாணுக்கு ஒப்பிட்டுப் பேசினர். புதுப் பாணின் மணமும் மென்மையும் போய், வறண்டுவிட்ட நிலை அது. நோயின் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, மருந்துதான் தெரியவில்லை. சிலர் பயிற்சியையே வெறுத்து ஒதுக்கினர். சிலர் மேலும் பயிற்சி செய்தே அதனைப் போக்க முயன்றனர்.

இந்த மயக்கத்தைத் தெளிவித்த நிகழ்ச்சி 1950 இல் நேர்ந்தது. அதற்குக் காரணமானவர் செக்கோசிலோவாக்கிய இராணுவ அதிகாரியான எமில் சாட்டோபெக். கடும் பயிற்சிக்கு அவரைப்போற் பெயர் பெற்றவர் அக்காலத்தில் வேறெவரும் இலர். 400 மீற்றர் தூரத்தை விரைந்து ஓடுவதும் இடையிடையே மெல்ல ஓடி மூச்சு வாங்குவதுமாக, ஒரே நாளிற் பன்முறை, சில நாட்களில் ஐம்பது தடவைக்கு மேலும் அவர் ஓடுவதுண்டு. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் பெல்ஜியத்தின் பிறசல்ஸ் நகரில் ஐரோப்பிய மெய்வல்லுநர் போட்டிகள் நடைபெறவிருந்தன. அவற்றுக்காகத் தம்மை முன்னெப்போதையும்விடக் கடுமையாக வருத்திக்கொண்டிருந்த வேளையிலே, கெட்ட உணவினால் நோயுற்று வைத்தியசாலையிற் படுத்துவிட்டார். ஏறத்தாழ இரண்டு வாரம் ஓட்டமில்லை. போட்டி தொடங்கச் சில நாட்களே இருக்கையில் வெளியே வந்தார். அவர் வெல்வார் என்று எவரும் நம்பியிருக்க முடியாது.

நடந்தது வேறு. 10,000 மீற்றர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த பிரெஞ்சு வீரர் அலென் மிமூனை 69 செக்கன் பின்தள்ளி சாட்டோபெக் வென்றார். ஏறத்தாழ ஒரு முழுச் சுற்றின் இடைவெளி அது. 5,000 மீற்றரிலும் 23 செக்கன் இடைவெளியில் வாகை சூடினார். நோயினால் வலுக்குன்ற வேண்டிய உடல் எங்ஙனம் இத்தகைய வலுவைப் பெற்றது? மாதக்கணக்கான பயிற்சியால் உள்ளே சேர்ந்திருந்த ஆற்றலைக் களைப்பு என்னும் திரை மறைத்திருந்தது. கட்டாய ஓய்வு அத்திரையை விலக்கிற்று. பிற்காலத்தில் விளையாட்டறிவியலார் இதனைச் சாட்டோபெக்கின் பெயராலேயே வழங்கலாயினர். இரண்டாண்டு கழித்து, 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் அவர் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் தங்கப் பதக்கம் பெற்றார். மரதனை அவர் ஓடியது வாழ்விலேயே அதுவே முதற்றடவை.

ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விதி வகுத்தல் தகாது. சாட்டோபெக்கின் வாழ்க்கையே அதற்குச் சான்று. 1956 இல் மெல்பேண் விழாவுக்குச் சில வாரங்களின் முன் குடலிறக்கத்துக்காக அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. இம்முறை கட்டாய ஓய்வு அற்புதம் எதையும் நிகழ்த்தவில்லை. மரதனில் அவர் ஆறாவதாகவே வந்தார். அவரிடம் பன்முறை தோற்றிருந்த மிமூன் தங்கப் பதக்கம் பெற்றார்.

ஆனால் எட்டாண்டின் பின் வேறொரு வீரரின் கதை வேறுவிதமாக முடிந்தது. எதியோப்பியரான ஏபெபே பிக்கிலா 1960 இல் றோம் நகர வீதிகளில் வெறுங்காலோடு ஓடி மரதனை வென்றவர். அவரைப் பயிற்றுவித்தவர் சுவீடன் நாட்டவரான ஒனி நிஸ்கனன். 1964 ஆம் ஆண்டு ரோக்கியோ விழாவுக்கு ஐந்தாறு வாரம் இருக்கையில் பிக்கிலாவுக்குக் குடல்வால் அழற்சி கண்டு சத்திரசிகிச்சை நடந்தது. அவர் ஓடுவாரோ என்ற ஐயமே நிலவிற்று. ஆனால் ஒக்டோபர் 21 ஆந் திகதி 2 மணி 12 நிமிடம் 11.2 செக்கனில், அதுவரை எவரும் ஓடியிராத வேகத்தில், அவர் முதல்வராக வந்தார். வந்தவர் சோர்ந்து விழவுமில்லை; மைதானத்தின் புற்றரையிலேயே உடற்பயிற்சி அசைவுகளைச் செய்து காட்டினார். ஒலிம்பிக் மரதனை இருமுறை வென்ற முதலாமவர் அவரே. பெண்களுக்கான மரதன் ஒலிம்பிக்கில் முதன்முதலாக 1984 இல் இடம்பெற்றபோது வென்ற அமெரிக்க வீராங்கனை ஜோன் பெனோயிட், அதே ஆண்டு நடந்த தேர்வுப் போட்டிக்குப் பதினேழு நாள் முன்னர் முழங்காலிற் சத்திரசிகிச்சை பெற்றவர். அத்தேர்வுப் போட்டியிலும் அவரே முதலிடம் பெற்றார்.

இவ்வரலாறுகளை ஒருங்கே நோக்கும்போது ஒன்று புலனாகிறது. ஓய்வு புதிதாக வலுவை உண்டாக்குவதில்லை. முன்னர் விதைத்தவன் மட்டுமே நீரை வடித்துவிட்டுக் காத்திருக்கலாம். விதையாதவனின் வயலில் நீரை வடித்தால் வெறும் நிலமே மிஞ்சும். இனி, நோயும் விபத்தும் தற்செயலாகச் செய்ததை மனிதர் திட்டமிட்டுச் செய்யக் கற்றுக்கொண்ட வகையைக் காண்போம்.

இதிலே நீச்சற் பயிற்றுநர் முன்னோடிகளாயினர். அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடற்றொழிலியற் பேராசிரியர் பிராங்க் கொற்றனும், அவருடன் பணியாற்றிய போப்ஸ் கார்லைலும், பெரும் போட்டிக்கு முந்திய வாரங்களில் நீச்சற் பயிற்சியைப் படிப்படியாகக் குறைக்கும் முறையை வகுத்தனர். மெழுகுவர்த்தி நுனியை நோக்கிக் கூர்ந்து செல்வதுபோலப் பயிற்சியும் போட்டி நாளை நோக்கிக் குறுகிச் செல்ல வேண்டும் என்பது அவர்களின் கருத்து. 1956 இல் மெல்பேண் விழாவில் அவுஸ்திரேலிய நீச்சல் வீரர் எட்டுத் தங்கப் பதக்கங்களைப் பெற்றபோது உலகத்தின் கவனம் அவர்களின் பயிற்சிமுறை மீது திரும்பிற்று.

ஓட்டத் துறையில் நியூசிலாந்தின் ஆதர் லிடியார்ட் இதற்குச் சமமான பணி செய்தார். வாரத்துக்கு நூறு மைல் வரை ஓடவைத்து முதலில் அடித்தளம் இடுவது, அடுத்து மலையேற்றம், அடுத்து வேகம், இறுதியாக, போட்டிக்கு முன்னர் உடலைப் புத்துணர்ச்சி பெறவிடுவது என அவர் பயிற்சியைப் பருவங்களாக வகுத்தார். 1960 இல் றோம் விழாவில் அவருடைய மாணவரான பீற்றர் சினெல் 800 மீற்றரிலும், மரி ஹால்பேக் 5,000 மீற்றரிலும் தங்கம் வென்றனர். பரி மகீ மரதனில் வெண்கலம் பெற்றார். அளவற்ற ஓட்டத்துக்குப் பெயர் பெற்ற லிடியார்ட்டே ஓய்வையும் அட்டவணையில் எழுதிவைத்தார் என்பது கருதத்தக்கது.

இவ்வாறு பலன் கண்கூடாகத் தெரிந்தது. காரணத்தைத் தேடும் பணி சுவீடனில் நடைபெற்றது. யோனாஸ் பேர்க்ஸ்துரோம் என்னும் மருத்துவர், தசையிலிருந்து ஊசியினால் மிகச் சிறு துண்டை எடுத்துச் சோதிக்கும் முறையைக் கையாண்டார். 1966 இல் அவரும் எரிக் ஹுல்ற்மனும் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டனர். ஒரே ஈருருளியின் இரு புறமும் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு காலினால் மட்டும் களைத்துப்போகும் வரை மிதித்தனர். பின்னர் சில நாள் ஓய்ந்திருந்து மாச்சத்து மிகுந்த உணவை உண்டனர். மிதித்த காலின் தசையிலே கிளைக்கோசன் என்னும் சேமிப்பு மாச்சத்து, ஓய்ந்திருந்த காலில் உள்ளதைவிட ஏறத்தாழ இருமடங்காகப் பெருகியிருந்தது. உழைத்த தசைக்கே மிகுதியாகச் சேமிக்கும் தன்மை உண்டு. ஆனால் உழைப்பு நின்று உணவும் ஓய்வும் கிடைக்கும்போதே அது சேமிக்கிறது.

அடுத்த ஆண்டு வெளியான ஆய்வு இதன் பயனை நிமிடக் கணக்கிற் காட்டிற்று. ஒரே கடுமையில் ஈருருளி மிதித்தவர்கள், மாச்சத்துக் குறைந்த உணவின் பின் ஏறத்தாழ 57 நிமிடமும், கலப்புணவின் பின் 114 நிமிடமும், மாச்சத்து நிறைந்த உணவின் பின் 167 நிமிடமும் தாக்குப்பிடித்தனர். 1969 இல் ஏதென்சில் நடந்த ஐரோப்பிய மரதனை வென்ற ஆங்கிலேயர் றொன் ஹில் இந்த உணவுமுறையைக் கையாண்டவர்களுள் ஒருவர். மரதனின் இறுதி 10 கிலோமீற்றரில் ஓட்டக்காரரின் கால்கள் திடீரெனக் கல்லாய்க் கனப்பதற்கு இச்சேமிப்பு தீர்ந்துபோவதே முக்கிய காரணம். ஆரம்பத்தில், கடும் ஓட்டத்தாலும் பட்டினி போன்ற உணவாலும் சேமிப்பை முதலில் வெறுமையாக்கியே பின்னர் நிரப்பினர். 1981 இல் அமெரிக்காவில் வில்லியம் ஷேர்மன், டேவிட் கொஸ்டில் முதலியோர், அத்துன்பம் தேவையில்லை என நிறுவினர். பயிற்சியை நாளுக்கு நாள் குறைத்து, இறுதி நாட்களில் மாச்சத்தைக் கூட்டினாலே போதும். சோறும் பிட்டும் மரவள்ளியும் உண்டு வளர்ந்த நாட்டவருக்கு இது வருத்தமான மருந்தன்று.

ஓய்வின் வேலை சேமிப்பை நிரப்புவதோடு முடிவதில்லை. நெடுந்தூர ஓட்டத்தினால் நுண்ணிய சேதமுற்ற தசைநார்கள் சீராகின்றன; குலைந்த உறக்கம் திரும்புகிறது. 1975 இல் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் பனிஸ்ரரும் அவர் குழுவினரும் இதனைக் கணிதமாக வகுத்தனர். ஒவ்வொரு நாட் பயிற்சியும் உடலில் இரு விளைவுகளை உண்டாக்குகிறது: ஒன்று தகுதி, மற்றது களைப்பு. தகுதி மெல்லத் தேய்வது. களைப்பு விரைந்து தேய்வது. பயிற்சியைக் குறைக்கும்போது, தகுதி பெரிதும் எஞ்சியிருக்கக் களைப்பு மட்டும் வடிந்துபோகிறது. அந்த இடைவெளியிற் போட்டி நாள் வந்து அமையுமாறு செய்வதே பயிற்சித் தணிப்பின் கலை.

ஆயின், எதைக் குறைப்பது, எதைக் காப்பது? 1980 களில் சிக்காகோவில் றொபேட் ஹிக்சன் இதனை ஆராய்ந்தார். பயிற்சி நாட்களை மூன்றிலிரண்டு பங்கு குறைத்தாலும், நேரத்தை அவ்வளவு குறைத்தாலும், உடலின் உயிர்வளியைப் பயன்படுத்தும் திறன் வாரக்கணக்காக நிலைத்தது. பயிற்சியின் வேகத்தைக் குறைத்தபோதோ அது சரிந்தது. 1992 இல் கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வொன்று நடுத்தூர ஓட்டக்காரரை மூன்று வகையாகச் சோதித்தது. முற்றாக ஓய்ந்திருந்தபோது முன்னேற்றம் இல்லை. மெதுவாகச் சிறிதளவு ஓடியபோது சிறிது முன்னேற்றம். குறைந்த தூரத்தை விரைவாக ஓடியபோது, களைக்கும்வரை ஓடும் நேரம் 22 வீதம் கூடிற்று. ஆகவே தணிப்பு என்பது படுத்துறங்குவதன்று. தூரத்தைச் சுருக்கி, வேகத்தைக் காப்பதே அது.

2007 இல் லோரன் பொஸ்கே முதலியோர் 27 ஆய்வுகளை ஒருங்கு திரட்டி, ஏறத்தாழ இரண்டு வாரம், பயிற்சியின் அளவை 41 முதல் 60 வீதம் வரை குறைத்து, வேகத்தை மாற்றாது விடுவதே மிகுந்த பயன் தருவதெனக் கண்டனர். 2021 இல் டப்ளின் நகர ஆய்வாளர் இருவர், 1,58,000 க்கு மேற்பட்ட சாதாரண மரதன் ஓட்டக்காரரின் பதிவுகளை ஆராய்ந்தனர். மூன்று வாரம் இடையறாது ஒழுங்காகக் குறைத்து வந்தவர்கள், அவ்வாறு செய்யாதவரைவிட ஏறத்தாழ ஐந்தரை நிமிடம் விரைவாக ஓட்டத்தை முடித்தனர். ஆயினும் அவ்வொழுங்கைக் கடைப்பிடித்தவர் சிறுபான்மையினரே. பலர் ஒரு கிழமை குறைப்பதும் மறு கிழமை கூட்டுவதுமாகத் தடுமாறினர். பலன் தெரிந்த பின்னரும் மனம் இணங்க மறுக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இந்த முறையை வாவிக்கரை வீதியில் வைத்துப் பார்க்கலாம். வாரத்துக்கு 60 கிலோமீற்றர் ஓடிவந்த ஒருவர், போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் தம் கடைசி நெடிய ஓட்டத்தை முடித்துக்கொள்வார். அதன்பின் முதல் வாரம் 45 கிலோமீற்றர், இரண்டாம் வாரம் 30 கிலோமீற்றர் என இறங்குவார். போட்டி வாரத்தில் மூன்று நான்கு சிற்றோட்டங்களே போதும். ஆனால் அவற்றின் நடுவே, போட்டியில் ஓட எண்ணிய வேகத்தில் சில நிமிடம் ஓடிக் கால்களுக்கு அதனை நினைவூட்டுவார். வெயில் ஏறுமுன் விடியற்காலையில் ஓடுவார். மிஞ்சிய நேரத்தைப் பாரமான வேறு வேலையால் நிரப்பாமல், உறக்கத்துக்குக் கொடுப்பார்.

இந்நாட்களிலே ஓட்டக்காரரை ஓர் அச்சம் பற்றுகிறது. கால்கள் கனக்கின்றன; முன்பில்லாத நோவுகள் தோன்றுகின்றன; உடல் நிறை சிறிது கூடுகிறது. பெற்ற வலுவெல்லாம் கரைந்துவிட்டதோ என்று உள்ளம் கலங்குகிறது. நிறை கூடுவதற்குக் காரணம் எளியது: தசையிற் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் சேர்கிறது. அது சோம்பலின் சதையன்று, வழிக்கு வேண்டிய கட்டுச்சோறு. இதை அறியாதவர் கலக்கத்தைத் தீர்க்க ஒரு நெடிய ஓட்டம் ஓடிவிடுகிறார். வடிந்துகொண்டிருந்த களைப்பு மீண்டும் நிறைகிறது.

கிழக்கிலங்கை மக்களுக்குத் தூரத்தின் இயல்பு அந்நியமானதன்று. ஆடி மாத விழாவுக்காகக் கதிர்காமம் நோக்கி வடக்கிலிருந்து நடந்துவரும் அடியார் கூட்டம் சித்தாண்டி, மாமாங்கம், மண்டூர், திருக்கோவில் ஆகிய தலங்களின் வழியே கச்சான் காற்று வீசும் காலத்திலே செல்கிறது. போர்க்காலத்தில் தடைப்பட்டும் மீண்டும் தழைத்த மரபு அது. அவ்வடியார்கள் உகந்தை முருகன் ஆலயத்தை அடைந்ததும், காட்டுப் பாதை திறக்கப்படும் நாள்வரை அங்கே தங்குகின்றனர். முன்னே குமண, யால காடுகள். நீரும் நிழலும் அரிதான வழி. அதன் முன்னர் தங்கி, காலின் புண்ணை ஆற்றி, உணவு சேர்த்துக்கொண்டு புறப்படுவோரில் எவரும் அத்தங்கலைச் சோம்பல் என்று சொல்வதில்லை. அது போட்டியன்று, வழிபாடு. எனினும் நெடுவழி செல்வோர் இறுதிக் கட்டத்துக்கு முன் இளைப்பாற வேண்டும் என்னும் அறிவு அதிலே அடங்கியிருக்கிறது.

மட்டக்களப்பு நகரிலே வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கிய விளையாட்டரங்கு ஒன்று உண்டு. புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றி, அப்பகுதி இளைஞரின் விளையாட்டை வளர்த்த அமெரிக்க இயேசுசபைத் துறவி அவர். அத்தகைய அரங்குகளிலும் வாவியோர வீதிகளிலும் இன்று பயிலும் மாணவருக்குக் கடுமையாக உழைக்கச் சொல்லிக்கொடுப்போர் பலர் உளர். எப்போது நிறுத்துவது என்று சொல்லிக்கொடுப்போரே வேண்டும். சாட்டோபெக்குக்கு அதனை நோய் கற்பித்தது. பிக்கிலாவுக்கும் பெனோயிட்டுக்கும் சத்திரசிகிச்சைக் கத்தி கற்பித்தது. ஜெரெனோஸுக்கோ கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்கவில்லை. இன்றைய மாணவன் நோயுறாமலும் காயப்படாமலும் அதனை அறிந்துகொள்ளலாம். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ‘போதும், இனிக் குறைத்துக்கொள்’ என்று சொல்லும் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்தாற் போதும். மாதக்கணக்கில் அவன் சேர்த்த வலு போட்டி நாளன்று அவனுக்கே பயன்படும்.